நங்கூரம் எடுக்கப் போன றவூப்

ஜும்ஆவுக்குப் பள்ளி நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் றவூபின் சக்கர நாற்காலி. அதை ஒட்டி நான். நோன்பு வர இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. வெளியூரில் இருந்து கொத்பாப் பிரசங்கம் செய்ய வந்த மௌலவி நோன்பின் சிறப்பைச் சொல்லிக்கொண்டு வந்தார். குரல் நல்ல குரல். எனக்கும் முதலில் கேட்கப் பிடித்திருந்தது.

"தூரத்தில் தேடத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே ஒரு சகோதரர் இருக்கிறார். கடலுக்கு அடியில் தொழில் செய்தவர். உடம்பு மரத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர்ப் போத்தலை வாய்க்குக் கிட்டக் கொண்டு வருகிறார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? பாங்கு சொல்லாமல் இந்த நோன்பைத் திறக்க மாட்டேன் என்றார்."

நான்கு வரிசை ஆட்கள் திரும்பி றவூபைப் பார்த்தார்கள். முன்னால் இருந்த ஒரு ஹாஜியார் கையை நீட்டி அவனுடைய முழங்காலைப் பிடித்து அழுத்தினார். அந்த முழங்காலில் அவனுக்கு உணர்ச்சி இல்லை. அவர் கையைப் பார்த்துத்தான் அவன் தலையை ஆட்டினான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கொத்பா நேரத்தில் பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவனை "சத்தம் போடாதே" என்று சொல்வதும் கூடாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே எழும்பிக் கத்தியிருப்பேன்.

ஏனென்றால் அந்தக் கதை பொய். மௌலவியைக் குற்றம் சொல்ல ஏலாது, அவர் ஊர் சொன்னதைச் சொன்னார். ஊருக்கு அதைக் கொடுத்தவன் நான்.

ஊசிப்பார்

பதினொரு கிழமையாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கடலுக்கு அடியில் நான் கண்டவற்றை எழுதி வருகிறேன். கிளிமீன் கல்லைக் கடிக்கிற சத்தம், வெளுத்துப் போன முருகைக்கல், திருக்கை மணலுக்குள் ஒளிகிற விதம். வாசகர்கள் நல்லாயிருக்கிறது என்று கடிதம் போடுகிறார்கள். நல்லாயிருக்கும்தான். கஷ்டமான இடங்களைச் சுற்றிக்கொண்டு போனால் எந்தப் பயணமும் நல்லாயிருக்கும்.

எங்கள் கரையில் இருந்து போட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடினால் ஊசிப்பார் வரும். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு; இது முழுக்க முருகைக்கல், பவளப்பாறை. பள்ளி மினாரையும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரே கோட்டில் பிடித்து, மினாரின் பாதி மறையும் வரைக்கும் ஓட வேண்டும். பாரின் தலை மூன்று பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே போதும், முட்டைக்கோவா இலைகளை அடுக்கி வைத்த மாதிரி முருகைக்கல் தெரியும். கடல் பக்கம் மதில் போல இறங்கிப் பதினைந்து பாகத்தில் மணல்.

இந்தக் கரையின் ஆட்களுக்கு முருகைக்கல் என்றால் சுண்ணாம்பு. ஒரு காலத்தில் வடக்கே இருந்து லொறி லொறியாக வந்து சூளையில் வெந்தது. நான் பிறந்த வீட்டுச் சுவரும் அப்படி வெந்த கல்தான். நூறு வருடம் வளர்ந்ததை ஒரு கிழமையில் சுட்டு வெள்ளையடித்துவிட்டு, இப்போது கரையைக் கடல் தின்கிறது என்று மகஜர் எழுதுகிறோம். இதைச் சொன்னால் நான் கிறுக்கன்.

அந்தக் கிறுக்கு எனக்குப் பாசிக்குடாவில் பிடித்தது. ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவப் போனவன், அங்கே சுழியோடப் பழக்கிய வெள்ளைக்காரரின் சிலிண்டர்களைத் தூக்கப் போய், அவரிடமே பழகிச் சான்றிதழும் எடுத்தேன். ஊருக்கு வந்து சின்னதாக ஒரு கடை போட்டேன். கடல் பார்க்க வருகிறவர்களைப் பாருக்குக் கூட்டிப் போகிற தொழில்.

றவூப் என்னுடைய தங்கச்சி பௌசியாவைக் கட்டினவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் கட்டிப் போகிறவன். நான் மருதமுனைக்குக் கட்டிப் போக, அவன் நான் பிறந்த வீட்டுக்கு வந்து குடியிருந்தான். அதற்கு முன் கடல் அட்டை பிடிக்கச் சுழியோடியவன், பிறகு என்னோடு கடையில் சேர்ந்துகொண்டான். என்னைவிட நன்றாகச் சுழியோடுவான். சான்றிதழ் கிடையாது. ஆழத்துக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கு அட்டவணையைக் காட்டினால் சிரிப்பான்.

"மச்சான், மீனுக்கு ஆரு அட்டவண குடுத்த?"

நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். படித்தவன் நான். சிரித்திருக்கக் கூடாதவனும் நான்தான்.

கொழும்பில் இருந்து வந்தவர்கள்

சில வருடங்களுக்கு முன்னால் நோன்பு சித்திரை வெயிலோடு சேர்ந்து வந்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. கொழும்பில் இருந்து ஒரு கந்தோரில் வேலை செய்கிற ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். நான்கு பேர் சிலிண்டரோடு இறங்க, நான்கு பேர் மேலே மிதந்து பார்க்க. தொப்பி போட்ட ஒருவர் அவர்களுக்குத் தலைவர்.

போட் பாண்டிருப்புக் குணம் அண்ணனுடையது. வழக்கமாக நங்கூரத்தைப் பாருக்கு அங்கால் மணலில்தான் போடுவோம். தொப்பிக்காரருக்கு அது தூரமாம். மிதக்கிறவர்களுக்கு நீந்தக் கஷ்டமாம். நான் முடியாது என்றேன். அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "காசு குடுத்து வந்தது நீந்திக் களைக்கவா?" என்று சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். நானும் விட்டுக்கொடுத்து நங்கூரத்தைப் பாரின் தலையிலேயே போடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் கையை நானே கடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

முழுப் பகலும் அவர்களோடு சண்டைதான். ஒருவர் காலில் மாட்டிய துடுப்போடு கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார். இன்னொருவர் ஒரு கிளையை முறித்து வைத்துக்கொண்டு, "செத்ததுதானே" என்றார். அது செத்தது அவர் முறித்த பிறகு.

மத்தியானம் ஒரு பெண் பிள்ளை, நல்ல மனதோடுதான், கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா? இந்த வெயில்லயா?"

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான்" என்றேன். "கடலுக்குள்ள போய்ட்டு வந்தாலும் ஒரு முடறு குடிக்க மாட்டம்."

அவள் கையைக் கன்னத்தில் வைத்து எங்களைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று காலையில் இருந்து அவர்கள் எனக்குக் கொடுத்த ஒரே மரியாதை அது.

நங்கூரம்

அஸர் நேரம், பின்னேரம். நானும் றவூபும் ஆட்களை இரண்டு தடவை பதினைந்து பாகத்துக்கு இறக்கி ஏற்றிவிட்டோம். எனக்குச் சளி. இரண்டாம் தடவை ஏறும்போது காதுக்குள் ஊசி ஏற்றியது போல வலித்து, மூக்கால் இரத்தம் வந்தது. போட்டைத் திருப்பலாம் என்று குணம் அண்ணன் கயிற்றை இழுத்தார். வரவில்லை. பகல் முழுதும் போட் இழுத்ததில் நங்கூரம் பாரின் தலையில் இருந்து வழுக்கி, கடல் பக்க மதிலின் அடியில் விழுந்து, ஒரு பெரிய தட்டுக்கல்லுக்குக் கீழே கொளுவிக்கொண்டது.

"என்ஜினப் போட்டு ஒரு இழுவ இழுத்தா வந்திடும் தம்பி" என்றார் குணம் அண்ணன்.

வந்திருக்கும். தட்டுக்கல்லும் உடைந்து வந்திருக்கும். அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அதற்குக் கீழே ஒரு கலவா மீன் குடியிருந்தது. பகல் முழுக்க அடக்கின கோபம் எல்லாம் குணம் அண்ணன் மேல் வந்தது.

"ஒருத்தரும் இழுக்கப்படாது. எல்லாத்தையும் உடைச்சுத் தள்ளுங்க, நல்லா" என்று கத்தினேன். "கயித்த வெட்டுங்க."

"இன்னொரு நங்கூரம் எங்க கிடக்கு எனக்கு?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

றவூப் ஏற்கனவே எழும்பிவிட்டான். "நான் போய்க் கழட்டிட்டு வாறன். உனக்குக் காது ஏலா."

எல்லாச் சிலிண்டரும் முடிந்திருந்தது. ஒன்றில் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறையக் காற்று இருந்தது. காலை மூன்றரை மணிக்கு சஹர் சாப்பிட்டவன், நாள் முழுக்கத் தண்ணீர் படாதவன், மூன்றாம் தடவை பதினைந்து பாகத்துக்கு, அரைச் சிலிண்டரோடு. என்னுடைய சான்றிதழில் எழுதியிருக்கிற அத்தனைக்கும் மாறு. நான் என்ன சொன்னேன்? "கல்லு கவனம்" என்றேன். அவனைப் பார்த்துக் கவனம் என்று சொல்லவில்லை.

ஆழத்தில் சுவாசிக்கிற காற்று இரத்தத்தில் கரைந்து போகும். மெதுவாக ஏறி, இடையில் நின்று வந்தால், வந்த மாதிரியே வெளியேறும். சோடாப் போத்தலை மெல்லத் திறப்பது போல. விறுக்கென்று ஏறினால் நுரைக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தவனுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட.

கீழே அவன் நங்கூரத்தோடு மல்லுக்கட்டினான். காற்று முடிந்தது. நிற்காமல் ஏறினான். தலை வெளியே வந்ததும் கையைத் தூக்கிக் காட்டினான். கயிறு இலேசாக வந்தது. தொப்பிக்காரர் கை தட்டினார்.

கல் உடையவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

மஃரிபுக்கு நாற்பது நிமிடம்

போட் ஓடத் தொடங்கியதும் தோள் உளைகிறது என்றான். நங்கூரம் தூக்கினதால் இருக்கும் என்றேன். பிறகு தோல் கடிக்கிறது என்று வயிற்றைச் சொறிந்தான். பிறகு கால் விறைக்கிறது என்றான். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இனிமேலும் சொல்ல மாட்டேன். அப்போதே விளங்கிவிட்டது.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்கு மனப்பாடம். பிராணவாயு கொடு, அது கடையில் கிடந்தது. படுக்க வை. தண்ணீர் கொடு.

"மச்சான்" என்றான் றவூப். "நாக்கு ஒட்டுது. தண்ணி தா."

மணிக்கூட்டைப் பார்த்தேன், நோன்பு திறக்க எவ்வளவு நேரம் என்று. மஃரிபுக்கு நாற்பது நிமிடம். அந்தப் பெண் பிள்ளை முன்னால் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரரும் பார்த்தார். குணம் அண்ணன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"குடுங்க தம்பி. ஆளப் பார்த்தா சரியில்ல."

நான் போத்தலைத் திருப்பித் தள்ளினேன்.

"அவன் நோன்பு அண்ணே. இன்னும் கொஞ்ச நேரந்தானே. பொறு மச்சான்."

மார்க்கத்தின் மேல் பழியைப் போட ஒருவரும் வர வேண்டாம். கடை போட்ட காலத்திலேயே எங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டிருந்தேன். சிலிண்டர்க் காற்றால் நோன்பு முறியாது என்றார். கூடவே, உயிருக்கு மோசம் வந்தால் நோன்பைத் திறக்கத்தான் வேண்டும், பிறகு வேறொரு நாளில் பிடித்துக் கழாச் செய்யலாம் என்றார். அல்லாஹ் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். அதுவும் அல்லாஹ்வுக்காக இல்லை. கொழும்பில் இருந்து வந்த எட்டுப் பேருக்கு முன்னால் நான் அளந்த பெருமை கெட்டுப் போகாமல் இருக்க.

கரையில் போட் முட்டியபோது அவன் காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தான். கால் வரவில்லை. பாங்கு கேட்டது. அப்போதுதான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

டொக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். பௌசியா கட்டில் தலைமாட்டில் நின்றாள்.

"தண்ணி குடுத்தீங்களா?"

"நோன்பு" என்றேன். "குடிக்க மாட்டேன் எண்டுட்டார்."

அவ்வளவுதான். இரண்டு வசனம். றவூப் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அங்கிருந்து திருகோணமலைக்கு, காற்றழுத்த அறைக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பாதிதான் திரும்பி வந்தது. தண்ணீர் நேரத்துக்குக் கொடுத்திருந்தால் நடந்திருப்பானா என்று பிறகு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் தடவை இறங்கியதுதான் பெரிய பிழை என்றார்கள். எனக்கு ஆறுதல் சொன்னதாக அவர்கள் நினைத்தார்கள்.

என் இரண்டு வசனமும் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் கதைக்குக் கொஞ்சம் சதை போட்டது. றவூபும் அதைத் திருத்தவில்லை. அவன் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அந்தத் தயவு எனக்கு அவனுடைய நாற்காலியைவிடப் பாரமாக இருந்தது. அவன் மேலேயே கோபம் வந்தது, வெட்கமில்லாமல்.

தங்கச்சி வீட்டில்

அந்த ஜும்ஆ முடிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பௌசியா சோறு போட்டு வைத்திருந்தாள். ஒலிபெருக்கியில் கொத்பா அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"இண்டைக்கு உங்கள்ற கதைதான் போல" என்றாள் றவூபிடம்.

"அது பொய்" என்றேன்.

"சோத்தத் தின் மச்சான்" என்றான் றவூப்.

"பொய் பௌசியா. இவன் வேணாம் எண்டு சொல்லல்ல. தண்ணி கேட்டான். நாந்தான் குடுக்கல்ல."

றவூப் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டான். சோறு பாயில் கொட்டியது.

"வாய மூடு. காலும் போயிட்டு, கடலும் போயிட்டு. ஊருக்குள்ள எனக்கெண்டு கிடக்கிறது அந்தக் கத ஒண்டுதான். உண்ட பாரத்த இறக்கிறதுக்கு அதையும் புடுங்கப் போறியா?"

இத்தனை வருடமும் அவன் எனக்காகச் சும்மா இருக்கிறான் என்று நினைத்தவன் நான். அந்தக் கதை அவனுக்கும் வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

பௌசியா சோற்றைக் கூட்டி அள்ளினாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

றவூப் அவளைப் பார்த்தான்.

"திருகோணமலைக்குப் போற வழியெல்லாம் மயக்கத்தில என்ன புசத்தினீங்க எண்டு உங்களுக்கு நினைவில்ல. அம்புலன்சுக்குள்ள நாந்தானே இரிந்தன். 'மச்சான், ஒரு முடறு, ஒரு முடறு' எண்டுதான் அழுதீங்க."

"நீ ஏன் சொல்லல்ல?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"பள்ளிக்குப் போய்ட்டு வரக்குள்ள உங்கள்ற முகத்தில ஒரு தெளிவு இரிந்திச்சி. அத நான் ஏன் கெடுக்க? எனக்கு நோன்பு புடிச்ச மாப்பிள எண்டு பேர் வேணாம். தாகம் எடுத்தா தண்ணி கேக்கிற மனிசன்தான் எனக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்காக நான் சும்மா இரிக்கல்ல காக்கா. எப்ப சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கிட்டு இரிந்தன். பதினொரு கிழமையா மீனையும் கல்லையும் எழுதுறீங்க. ஒவ்வொரு கிழமையும் வாங்கிப் படிக்கிறன். இவர்ற பேர் ஒரு இடத்திலயும் இல்ல."

அவள் சொன்னது உண்மை. ஊசிப்பாரில் நான் பார்த்த எல்லாவற்றையும் அவனோடுதான் பார்த்தேன். எழுதும்போது தனியாகப் பார்த்த மாதிரி எழுதியிருந்தேன்.

"எழுதட்டா?" என்று றவூபைக் கேட்டேன். அவன் ஏலாது என்றிருந்தால் இந்தப் பக்கத்தில் இன்று வேறு ஏதாவது மீன் இருந்திருக்கும்.

கொட்டிய சோற்றுக்குப் பதிலாகப் பௌசியா வேறு கோப்பையில் போட்டு வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"எழுதுறதெண்டா சரியா எழுது" என்றான். "ஒருக்காக் கேட்டான் எண்டு எழுதித் தப்பிராத."

இதற்கு மேலே, போட்டில் நடந்ததை நான் எழுதிய இடத்தில் அவன் ஒரு தரம் கேட்டதாகத்தான் இருக்கிறது. அதை அழித்து எழுதவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று வாசகரும் பார்க்கட்டும்.

மூன்று தரம் கேட்டான். மூன்றாம் தரம், தங்கச்சி தன் அண்ணனைக் கூப்பிடுவது போல, "காக்கா" என்று கூப்பிட்டுக் கேட்டான். அதற்கு முன்னும் பின்னும் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.